பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டுமா, நம்மைப் பார்க்க ஆள் வேண்டுமா?

பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் அங்கன்வாடியில் ஒரு வளர்ச்சி அட்டை இருக்கிறது. திருவனந்தபுரம் சைல்டு டெவலப்மென்ட் சென்டரில் உருவாக்கியது. பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரைக்கும் மொத்தம் 17 விஷயம். பிள்ளையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைப்பார்கள். அதற்கு இடப்பக்கம் விழுவதை எல்லாம் பிள்ளை செய்கிறானா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். என் பையனுக்கு அப்போது 23 மாதம். நடப்பான், ஓடுவான், ஏறக்கூடாத இடத்தில் எல்லாம் ஏறுவான். ‘இரண்டு வார்த்தை சொல்கிறான்’ என்ற வரிக்கு வந்ததும் டீச்சர் என்னைப் பார்த்தார். நான் என் அம்மாவைப் பார்த்தேன். அம்மா விட்டுக்கொடுக்கவில்லை: “மாப்பிள்ளையும் மூணு வயசுலதான் பேசுனாராமுங்க டீச்சர்.”

டீச்சர் வாதாடவில்லை. “இருக்கட்டுமுங்க. முதல்ல காது பாத்துட்டு வாங்க” என்றார்.

இதை எழுதக் காரணம், அதற்கடுத்த எட்டு மாதத்தில் பையனுக்குப் பேச்சு வர நாங்கள் ஐந்து வழிகளைக் கேட்டு, அலசி, அதில் சிலவற்றில் காசும் லீவும் விட்டதுதான். இதே நிலையில் இருக்கிற இன்னொரு வீட்டுக்குக் கொஞ்சம் அலைச்சல் மிச்சமாகட்டும். ஆனால் முதல் படி டீச்சர் சொன்ன அதே காதுதான், அதில் ஒப்பீடு எதுவும் கிடையாது. காது சரியாகக் கேட்காத பிள்ளையிடம் எவ்வளவு அழகாகப் பேசினாலும் பாதிதான் போய்ச் சேரும். பிள்ளைகளுக்கு உடல், வளர்ச்சிக் குறை இருக்கிறதா என்று பார்க்கும் அரசின் ஆர்பிஎஸ்கே திட்டத்தில், அந்தக் குறைகளைச் சீக்கிரமே கவனிக்க மாவட்ட அளவில் இருக்கும் டிஇஐசி மையத்துக்கு அங்கன்வாடியோ ஆரம்ப சுகாதார நிலையமோ எழுதிக் கொடுத்து அனுப்பும். எங்கள் பையனுக்குக் காது சரி. சொல்வது புரிகிறது, கையை நீட்டிக் காட்டுகிறான், பெயர் சொன்னால் திரும்புகிறான். பேச்சுதான் தாமதம், மூன்று மாதம் கழித்துத் திரும்ப வாருங்கள் என்றார் டாக்டர்.

பொதுவாகச் சொல்லும் கணக்கு இது: ஒரு வயதில் கை நீட்டிக் காட்டுவதோ மழலையோ இல்லை, 16 மாதத்தில் ஒற்றை வார்த்தை இல்லை, இரண்டு வயதில் தானாக இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்வதில்லை, இந்த மூன்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் போக வேண்டும். வந்த பேச்சு எந்த வயதிலாவது போனாலும் அப்படியே. அந்த நிலையில் ஒப்பீட்டை எல்லாம் அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

சரி, எங்களுக்கு மூன்று மாதம் கையில் இருந்தது. அதற்குள் என்ன செய்வது?

‘பெற்றோருக்குக் கோச்சிங்’ என்ற சொல்லை முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. நம் ஊரில் கோச்சிங் என்றால் அரசு வேலைக்கான பிஎஸ்சி பரீட்சை, நீட். கடைசியில் அம்மாவுக்கும் கோச்சிங்கா என்று தோன்றியது. விஷயம் வேறு. பிள்ளை ஒரு சத்தம் போடுகிறது, ஒரு பக்கம் பார்க்கிறது, ஒரு சாமானை நீட்டுகிறது. அதைக் கவனித்து நாம் பதில் கொடுக்கிறோம். அப்புறம் வாயை மூடிக்கொண்டு பிள்ளையின் முறைக்காகக் காத்திருக்கிறோம். இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் அடிப்படை. இதைத் தினமும் நாலு பேர் நாலு விதமாகச் செய்கிறோம். அவசரத்தில் செய்யாமலும் விடுகிறோம். கோச்சிங் என்பது, நாம் அதைச் செய்யும்போது ஒருவர் பக்கத்தில் இருந்து பார்த்து, “இப்ப செஞ்சீங்களே, அது நல்லா இருந்துச்சு, இன்னொரு தடவை செய்யுங்க” என்று சொல்வது. பேச்சுத் தாமதத்துக்கு மட்டும் என்று உருவான முறையும் இல்லை. பிள்ளையின் அடம், பயம், தாயோடு ஒட்டுதல் எல்லாவற்றுக்கும் இதையே வேறு வேறு பெயரில் செய்கிறார்கள்.

வார்த்தையின் எண்ணிக்கையை விட இந்த மாறி மாறிப் பேசுதல்தான் முக்கியம் என்று 2018-ல் அமெரிக்காவில் எம்ஐடி குழு ஒன்று நாலிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைகளை வைத்துக் காட்டியது. பெரியவர்கள் எத்தனை சொல் கொட்டினார்கள் என்பதை விட, எத்தனை முறை பேச்சு கைமாறியது என்பதோடுதான் கதை கேட்கும்போது மூளையின் மொழிப் பகுதி வேலை செய்த விதம் ஒத்துப்போனது. எனக்கு இது கொஞ்சம் வலித்தது. நான் நிறையப் பேசுகிற அம்மா.

மூடின கதவு

எல்லோரும் முதலில் ஓடுவது டவுனில் இருக்கும் தெரபி சென்டருக்கு. நாங்களும் ஓடினோம். பாலக்காடா, பொள்ளாச்சியா, வாளையாறு தாண்டிக் கோயம்புத்தூரா என்பதுதான் எங்கள் ஊரில் எதற்கும் கேள்வி. ஒரு இடத்தைப் பிடித்தோம். வாரம் ஒரு நாள், முக்கால் மணி நேரம். பையனை உள்ளே கூட்டிப் போவார்கள், கதவை மூடுவார்கள், நான் வெளியே பெஞ்சில். முடிந்ததும் “நல்லா கோஆப்பரேட் பண்ணினான்” என்று ஒரு வரி. பத்து வாரம் போனோம். உள்ளே என்ன நடந்தது என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. பையன் அந்த அக்காவிடம் ‘பந்து’ என்று சொன்னானாம். வீட்டில் பந்து இருக்கிறது, அக்கா இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிள்ளை ஒரு நாளைக்கு 12 மணி நேரம் விழித்திருந்தால் வாரத்துக்கு 84 மணி. அதில் முக்கால் மணி அங்கே. பாக்கி 83 மணிச் சொச்சம் எங்களோடு. அந்த 83 மணியைத் தொடாத வைத்தியத்துக்கு நான் கஞ்சிக்கோட்டில் ஷிஃப்ட்டை விட்டு, பஸ் ஏறி, சம்பளம் விட்டு வருகிறேன்.

தெரபிஸ்ட் வேண்டாம் என்று சொல்லவில்லை. உதடு, அண்ணம் பிளவு, காதுக் கருவி வைத்த பிள்ளை, விழுங்குவதில் சிரமம், திக்கல், ஆட்டிசம் சந்தேகம் இவற்றுக்கெல்லாம் படித்த ஆளின் கைதான் வேண்டும். நல்ல தெரபிஸ்ட் பலர் அம்மாவை உள்ளேயே உட்கார வைப்பார்கள், பாதி நேரம் பிள்ளையை அம்மாவிடமே கொடுத்து வேடிக்கை பார்ப்பார்கள். அதனால் சேரும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “நானும் உள்ள உக்காரலாமுங்களா?” அதற்கு வரும் பதிலில் பாதி முடிவு தெரிந்துவிடும். நான் அந்தக் கேள்வியைப் பதினோராவது வாரம்தான் கேட்டேன். பிள்ளையின் கவனம் சிதறும் என்றார்கள். அதோடு நின்றோம்.

வீட்டுக்கு வருகிறவர்

உலகம் முழுக்க இந்தத் துறையில் எல்லோரும் சொல்லிக் காட்டும் ஊர் ஜமைக்காவின் கிங்ஸ்டன். 1986, 87-ல் சாலி கிரந்தம்-மெக்ரெகர் என்ற டாக்டரும் அவர் குழுவும் ஊட்டம் இல்லாமல் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். அதில் ஒரு பகுதிக் குழந்தைகளின் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர் போவார். பெரிய படிப்பாளி இல்லை, நம் ஊரில் வீடு வீடாக வரும் ஆஷா பணியாளர் மாதிரி. டப்பா, மூடி, துணி, அட்டையில் செய்த விளையாட்டுச் சாமான்களோடு போய், அம்மா பிள்ளையோடு விளையாடப் பழக்கிவிட்டு வருவார். இரண்டு வருடம் இப்படி. இருபது வருடம் கழித்துப் பார்த்தால் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களை விட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். விளையாட்டுக் காட்டிவிட்டுப் போனதுக்கு இவ்வளவு பலன் என்று பொருளாதாரக்காரர்களே திரும்பிப் பார்த்தது அதனால்தான்.

நம்மிடம் இது இல்லையா? ஒரு சாயலில் இருக்கிறது. ஆஷா பணியாளர் குழந்தையின் வீட்டுக்கு 3, 6, 9, 12, 15 ஆம் மாதங்களில் போக வேண்டும் என்று மத்திய அரசின் ஹெச்பிஒய்சி திட்டம் சொல்கிறது. எடை, சாப்பாடு, தடுப்பூசியோடு விளையாட்டு, பேச்சும் அதில் உண்டு. ஆனால் தேதியைப் பாருங்கள். 15 மாதத்தோடு நின்றுவிடுகிறது. பேச்சு வரவில்லையே என்று வீட்டில் முதல் முறை பேச்சு எழுவது ஒன்றரை வயதுக்கு மேல். நமக்குத் தேவை வரும்போது அவர் வரும் கணக்கு முடிந்திருக்கும். வந்தாலும், ஒரு ஆஷாவின் தலையில் இருக்கும் வேலைக்கு அவரிடம் வாரம் ஒரு மணி நேரம் கேட்பதற்கு எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்றும் உண்டு, அதை ஆய்வில் எழுத மாட்டார்கள். வீட்டுக்கு ஆள் வருகிறார் என்றால் நம் வீட்டில் முதல் வேலை வீடு கூட்டுவது, இரண்டாவது வேலை டீ போடுவது. பிள்ளைக்குச் சட்டை மாற்றி, தலை சீவி, “அக்காகிட்ட சொல்லு, சொல்லு” என்று முன்னால் தள்ளுவது மூன்றாவது. வந்தவர் பார்ப்பது நம் வழக்கமான வீட்டை இல்லை, கல்யாண வீட்டை. நாலாவது, ஐந்தாவது தடவைக்குப் பிறகுதான் வேஷம் கலையும்.

இருந்தாலும் வீட்டுக்கு ஆள் வரும் வழிக்கு ஒரு பெரிய பலம். பிள்ளையைப் பகலில் யார் பார்க்கிறார்களோ அவரும் அங்கே இருப்பார். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அமிர்தம் பொடி நாள்

அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சத்துமாவு, அமிர்தம் நியூட்ரிமிக்ஸ் பாக்கெட் வாங்கப் போகும் நாளில் எப்படியும் பத்துப் பன்னிரண்டு அம்மாக்கள் கூடுவோம். பேசுவோம், கலைவோம். எங்கள் டீச்சர் அந்த நாளில் ஒரு மணி நேரம் எல்லோரையும் வட்டமாக உட்கார வைக்க ஆரம்பித்தார். 2024-ல் மூன்று வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கென்று மத்திய அரசு ‘நவசேத்னா’ என்ற வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. 36 மாதத்துக்கு, மாதவாரியாக, மொத்தம் 140 விளையாட்டு. அதில் ஒன்றைச் சொல்லிக் கொடுத்து, “அவங்கவங்க பிள்ளையோட செய்யுங்க, நான் சுத்தி வந்து பாக்கறேன்” என்பார்.

கூட்டமாகச் செய்தால் பலன் நீர்த்துப்போகாதா? எனக்கும் அதே சந்தேகம். ஜமைக்காவில் தொடங்கிய அதே கிரந்தம்-மெக்ரெகர் இதை ஒடிசாவில் சோதித்துப் பார்த்திருக்கிறார். 192 கிராமங்கள், 1,449 தாய் பிள்ளைகள், இரண்டு வருடம். சில கிராமங்களில் வீடு வீடாகப் போனார்கள், சில கிராமங்களில் அம்மாக்களைக் கூட்டமாக உட்கார வைத்தார்கள். நடத்தியது உள்ளூர்ப் பெண்கள். 2020-ல் முடிவு வந்தது. பிள்ளைகளின் அறிவு வளர்ச்சியிலும் மொழியிலும் இரண்டு முறையும் கிட்டத்தட்ட ஒரே அளவு பலன். செலவோ, ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு வீட்டு முறைக்கு 135 டாலர், கூட்ட முறைக்கு 38. அரசாங்கம் எதை எடுக்க வேண்டும் என்று கேட்டால் எனக்கு யோசனையே இல்லை.

ஆனால் ஒரு அம்மாவாக நான் எதை எடுப்பேன் என்பது வேறு கேள்வி. கூட்டத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் பிள்ளை, என் பையனை விட மூன்று மாதம் சின்னது, “டீச்சர், தா” என்கிறது. என் பையன் என் முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொள்கிறான். முதல் மாதம் பொடியை வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டாவது மாதம் டீச்சரே கையைப் பிடித்து உட்கார வைத்தார். போகப் போக அதில் வேறொரு நன்மை தெரிந்தது. பிள்ளையோடு பேசத் தெரியாதவள் நான் ஒருத்தி மட்டும் இல்லை. ஒரு பெண், பிள்ளை காக்காவைக் காட்டினால் “ஆமா” என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்வாள். இன்னொருத்தி பிள்ளை எடுத்த கரண்டியைப் பிடுங்கி, “இப்படிப் பிடி” என்று திருத்துவாள். அடுத்தவர்களிடம் பார்க்கும்போதுதான் நம் வழக்கம் நமக்கு உறைக்கிறது. ஆறு பிள்ளை, எட்டுப் பிள்ளை வரைக்கும்தான் இந்த வட்டம் வேலை செய்யும், அதற்கு மேல் போனால் சந்தைதான்.

போனில் நம் முகம்

இனி வருவதுதான் என்னை மாற்றியது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

அம்மாவும் பிள்ளையும் விளையாடுவதை ஐந்து பத்து நிமிடம் வீடியோ எடுப்பது, பிறகு அந்த அம்மாவோடு உட்கார்ந்து அதை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது. இதை முறையாக வளர்த்தவர்களில் முக்கியமானவர்கள் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்துக்காரர்கள். அவர்கள் ஒரு வித்தை செய்வார்கள்: வீடியோ ஓடும்போது பிள்ளையின் மனசில் என்ன ஓடுகிறது என்பதைப் பிள்ளையின் குரலில் சொல்வது. “அம்மா, எனக்கு அந்த மூடிதான் வேணும், பந்து வேண்டாம்” என்று. படித்ததும் எனக்கு ஆச்சரியம். நம் கிழவிகள் இதைத்தானே காலங்காலமாகச் செய்கிறார்கள்? தொட்டில் பிள்ளை அழுதால், “எங்கம்மாளுக்குக் காதே கேக்கல, எனக்கு வயிறு பசிக்குது, நீ போனையே பாத்துட்டு இரு” என்று பிள்ளைக்குப் பதிலாக அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, நம்மைத் திட்டுவார். அதே வித்தைதான், சான்றிதழ் இல்லை அவ்வளவுதான்.

அதே லைடன் குழு 2003-ல் இம்மாதிரி 70 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு ஒரு முடிவு சொன்னது. தாயின் கவனிப்பை மட்டும் குறி வைத்துக் குறைந்த சந்திப்புகளில் முடிக்கும் முறைகள், வருடக்கணக்கில் எல்லாவற்றையும் பேசும் முறைகளை விட நன்றாக வேலை செய்கின்றன. பஸ் ஏறி வரும் ஆட்களுக்கு இது நல்ல செய்தி.

நம் பக்கத்தில் இது செல்லுமா? கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள 65 பிள்ளைகளின் குடும்பங்களோடு செய்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். வீடியோவைப் பார்த்துப் பேசியவர்கள் நிபுணர்கள் இல்லை, பயிற்சி கொடுத்த சாதாரணப் பணியாளர்கள். பிள்ளையின் போக்கை ஒட்டிப் பெற்றோர் பதில் கொடுப்பது கூடியது. பிள்ளை தானாகப் பேச்சைத் தொடங்குவதும் கூடியது. இருவரும் ஒன்றின் மேல் சேர்ந்து கவனம் வைத்திருக்கும் நேரம் மட்டும் கூடாமல் குறைந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நான் நம்பியிருக்க மாட்டேன். இதைப் படித்ததும் மற்ற இரண்டையும் நம்பினேன்.

கோயம்புத்தூரில் தமிழ் பேசும் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் வீடியோ காலில் இதைச் செய்கிறார் என்று என் நாத்தனார் விசாரித்துச் சொன்னாள். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை. நாம் முன்னாடியே எடுத்து அனுப்பிய வீடியோவை அவர் திரையில் போட்டு, நம்மோடு சேர்ந்து பார்ப்பார்.

முதல் வீடியோ: பையன் நடையில் உட்கார்ந்திருக்கிறான், எதிரில் நான், நடுவில் ஒரு எவர்சில்வர் டம்ளரும் நாலைந்து புளியங்கொட்டையும். மூன்று நிமிடம். நான் அதில் சொன்னதை அவர் எழுதி வைத்திருந்தார்: “இது என்ன? டம்ளர் சொல்லு. டம்ளர். இது எத்தனை? ஒண்ணு, ரெண்டு. காக்கா எங்க? அம்மா சொல்லு. சொல்லு சாமி.” மூன்று நிமிடத்தில் 31 கேள்வி. ஒன்றுக்குக்கூட நான் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஒரு இடத்தில் நிறுத்தினார். “இங்க பாருங்கக்கா, அவன் வாயை.” பையன் ஒரு கொட்டையை டம்ளருக்குள் போடுகிறான், அது ‘டிங்’ என்கிறது, அவன் என் முகத்தைப் பார்க்கிறான், உதடு குவிகிறது. அதே நொடியில் நான் குனிந்து அடுத்த கொட்டையை எடுத்து, “இது எத்தனை?” என்கிறேன். உதடு மூடிக்கொள்கிறது. அதை மூன்று தடவை ஓட்டிக் காட்டினார். மூன்றாவது தடவை நான் அழுதுவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பத்து வாரம் பெஞ்சில் உட்கார்ந்து தெரியாத ஒன்று இரண்டு நொடியில் தெரிந்தது.

கொடுத்த வீட்டுப்பாடம் ஒன்றே ஒன்று. கேள்வியைக் குறை. அவன் எதைப் பார்க்கிறானோ அதற்கு ஒரு சொல் சொல், ‘டிங்’ என்றாலும் சரி. அப்புறம் மனசுக்குள் பத்து எண்ணு. பத்து எண்ணுவது எவ்வளவு நீளம் என்று செய்து பார்த்தால் தெரியும். எனக்கு ஏழில் நாக்கு அரிக்கும்.

இதற்கும் குறை உண்டு. வீடியோவை வெறுமனே எடுத்து நாமே பார்த்தால் நம் சேலை, வீட்டின் அழுக்கு, நம் குரல் இதுதான் கண்ணில் படும். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த ஒரு ஆள் வேண்டும். நல்லதை முதலில் காட்டத் தெரிந்த ஆள். தப்பை மட்டும் வட்டம் போட்டுக் காட்டுகிறவர் கையில் இது கொடுமையாகிவிடும். அப்புறம், பிள்ளையின் வீடியோ எங்கே போகிறது, எப்போது அழிக்கிறார்கள் என்று கேளுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அதைப் போட்டுக் கருத்துக் கேட்பது வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் வரும் டிப்ஸ்

ஐந்தாவது வழி, யூடியூப்பும் ரீல்ஸும் ஆப்பும். இலவசம். இதில் அதிக நேரம் செலவிட எனக்கு மனமில்லை. பிள்ளைக்கு வீடியோ காட்டிப் பேச்சு வரவழைக்கலாம் என்பவர்களுக்கு ஒரு பழைய சோதனை. 2003-ல் குழந்தைகளின் மொழியை ஆராயும் பட்ரிஷியா கூல் என்பவரின் குழு ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்க வைத்தது. ஆள் நேரில் உட்கார்ந்து விளையாடிப் பேசிய 12 தடவையில் குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறியப் பழகின. அதே ஆட்கள் அதையே டிவியில் பேசியபோது ஒன்றும் பழகவில்லை. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2021-ல் இரண்டு வயது வரைக்கும் திரையே வேண்டாம் என்றது. அம்மாவுக்கான டிப்ஸ் வீடியோக்கள் கெடுதல் இல்லை. நான் பார்த்த நூறு டிப்ஸில் ‘பிள்ளை பேசக் காத்திருங்கள்’ என்பது பத்துத் தடவையாவது வந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் நான் காத்திருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

எந்த மொழியில்

எல்லையில் இருக்கிறவர்களுக்கு மட்டும் வரும் தலைவலி இது. வீட்டில் கொங்குத் தமிழ், அங்கன்வாடியில் தமிழும் மலையாளமும் கலந்து, ஆஸ்பத்திரியில் மலையாளம், கையில் தரும் அட்டையும் மலையாளம். இடையில் ஒருவர், “ரெண்டு மொழி குழப்பும், வீட்டிலயும் மலையாளமே பேசுங்க, நாளைக்கு ஸ்கூலுக்கு ஆகும்” என்றார். ஒரு வாரம் முயன்றேன். என் மலையாளம் கடையில் சாமான் வாங்கும் மலையாளம். ‘எந்தா மோனே’ என்பதோடு தீர்ந்துவிடும். பையனிடம் நான் பேசுவதே குறைந்துபோனது. என் அம்மாவோ அந்த வாரம் முழுக்க அவனிடம் வாயே திறக்கவில்லை.

இரு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாவதில்லை என்பதில் இந்தத் துறைக்காரர்களிடம் இப்போது பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அரைகுறையாகத் தெரிந்த மொழியில் பேசச் சொன்னால் குறைவது பேச்சுதான். அதனால் வழியை ஒப்பிடும்போது கட்டணம், தூரத்தோடு இதையும் ஒரு கேள்வியாக வையுங்கள்: சொல்லிக் கொடுக்கிறவருக்கு நம் வீட்டுப் பேச்சு புரியுமா? பையன் ‘அச்சு’ என்றால் அது வெல்லமா, தும்மலா என்று தெரிகிற ஆளா? கோயம்புத்தூர்க்காரரை நாங்கள் பிடித்துக்கொண்டதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

யாருக்குக் கோச்சிங்

எல்லா வழியிலும் எல்லோரும் ‘அம்மா, அம்மா’ என்றே பேசுகிறார்கள். எங்கள் வீட்டில் பகலில் பையன் என் அம்மாவோடு. நான் ஷிஃப்ட் முடிந்து வரும்போது அவன் பாதித் தூக்கம். அவன் அப்பா வருவது அதற்கும் பிறகு. அப்படியானால் முறையைக் கற்க வேண்டிய முதல் ஆள் யார்?

இரண்டாவது வீடியோவை எனக்குத் தெரியாமலே எடுத்தது என் வீட்டுக்காரர். திண்ணையில் அம்மா முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருக்கிறார். பையன் ஒரு காம்பை எடுத்து நீட்டுகிறான். “எனக்குங்களா சாமி?” வாங்கி முறத்தில் போடுகிறார். கை வேலையில் இருக்கிறது, கண் அவன் மேல். ஒன்றும் பேசவில்லை. பையன் இன்னொன்று எடுக்கிறான், நீட்டாமல் வைத்துக்கொள்கிறான், அமுச்சி முகத்தைப் பார்க்கிறான். அம்மா புருவத்தை மட்டும் உயர்த்துகிறார். “ந்தா” என்கிறான்.

பயிற்சியாளர் அந்த வீடியோவை எங்கேயும் நிறுத்தவில்லை. முழுசாக ஓட்டிவிட்டு, “உங்கம்மா எனக்கு டியூஷன் எடுப்பாங்களாக்கா?” என்றார்.

அதற்காக அமுச்சிக்குக் கற்க ஒன்றுமில்லை என்று அர்த்தம் இல்லை. மதியம் சோறு ஊட்டும்போது அவர் போனைக் கொடுத்துவிடுவார். அந்த அரை மணி நேரம் பையன் முகம் திரையில், அமுச்சி முகம் கிண்ணத்தில். தாய் சில நிமிடம் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் சும்மா பார்த்தால் கைக்குழந்தை எப்படித் தவித்துப்போகிறது என்று எட்வர்ட் ட்ரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களிலேயே காட்டியிருக்கிறார். போனைப் பார்க்கும் முகமும் பிள்ளைக்குக் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும் போல. இதை நான் சொன்னால் அம்மா கேட்க மாட்டார். பயிற்சியாளர் வீடியோவில் காட்டி, “அம்மா, கீரை உருவறப்ப பேசுன மாதிரியே சோத்துக்கும் பேசலாமுங்களே” என்று கேட்டதும் கேட்டுக்கொண்டார். என்ன கற்றுக்கொடுத்தாலும் அவர் ஏற்கனவே நன்றாகச் செய்யும் ஒன்றிலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது.

கடைசியில் நாங்கள் எடுத்தது

டவுன் தெரபியை நிறுத்தினோம். மாதம் ஒரு தடவை அமிர்தம் பொடி நாளில் வட்டம், அதற்கு அம்மாவும் நானும் மாறி மாறிப் போகிறோம். பதினைந்து நாளைக்கு ஒரு வீடியோ கால், அம்மா ஓய்வாக இருக்கும் மதியம். ஆறு காலோடு அதை முடித்துக்கொள்ளலாம் என்று பயிற்சியாளரே சொன்னார். நாங்கள் ஏழாவது ஒன்று கேட்டு வாங்கினோம், அப்பாவுக்காக. அவர் பையனைத் தோளில் ஏற்றிக்கொண்டு ‘உப்பு மூட்டை’ சொல்லிச் சுற்றுவார். சுற்றுவதை நடுவில் நிறுத்தி, பையன் “ஊ...” என்ற பிறகுதான் அடுத்த சுற்று என்று மட்டும் மாற்றிக்கொண்டார். டாக்டர் சொன்ன மூன்று மாதத்துக்கும் அதற்கடுத்த மூன்று மாதத்துக்கும் தவறாமல் போய்க் காட்டினோம்.

எங்கள் வீட்டில் ஸ்மார்ட்போன் இல்லாதிருந்தால், அல்லது என் அம்மா எங்களோடு இல்லாதிருந்தால், இதே முடிவை எடுத்திருக்க மாட்டேன். அங்கன்வாடி வட்டத்தையே இறுகப் பிடித்துக்கொண்டு, டீச்சரிடம் வாரம் ஒரு தடவை பத்து நிமிடம் கெஞ்சிக் கேட்டிருப்பேன். ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லியிருந்தால் டிஇஐசி, தெரபிஸ்ட், வீடியோ மூன்றையும் சேர்த்தே வைத்திருப்பேன், செலவுக்குக் கடன் வாங்கியாவது. கதவுக்கு உள்ளே உட்கார வைக்கும் தெரபிஸ்ட் பக்கத்திலேயே கிடைக்கிறவர்கள் அவரிடமே போகலாம். அவர்கள் இவ்வளவு சுற்ற வேண்டாம்.

பையனுக்கு இப்போது 31 மாதம். நாற்பது, ஐம்பது சொல் சொல்கிறான், அதில் பாதி எங்களுக்கு மட்டும் புரியும். இரண்டைச் சேர்க்க ஆரம்பித்திருக்கிறான்: ‘அமுச்சி வா’, ‘ந்தா கீரை’. வயதுக்கு இன்னும் பின்னால்தான், அடுத்த மாதம் டாக்டரிடம் தேதி இருக்கிறது. அம்மாவிடம் அவருடைய வீடியோவைப் போட்டுக் காட்டினால் மட்டும் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். “அது என்ர குரலே இல்ல, எவளோ பேசறா” என்கிறார்.